ஒரே பதில், இரண்டு வேகம்

அத்தியாயம் 9

"சாவி என் இடுப்புல இருக்கு. நாலு மணிக்கு முன்னாடி அது இறங்காது" என்றார் வார்டன் அம்மா.

சொல்லி முடிப்பதற்குள் அறை வாசலின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியும்விட்டார். அதற்கு முன்பே எங்கள் எல்லோருடைய போன்களையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவின் மேல் தன் கைப்பையை வைத்திருந்தார். மணி அப்போது இரண்டு ஐம்பது.

பெண்கள் விடுதியின் அலுவலக அறை அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கம்பி போட்ட ஒரே ஜன்னல், ஆறு பேர். எனக்குப் பூட்டிய அறை என்றாலே ஆகாது. லிஃப்டில்கூட ஏறமாட்டேன். ஆகவே ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?" என்றார் அண்ணி.

"இந்தப் பக்கம் வெயில் அண்ணி."

"வெயில் அந்தப் பக்கச் சுவத்துல அடிக்குது."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. தொழில், துப்பறிதல். அண்ணன் அவரைக் கல்யாணம் மட்டும்தான் செய்துகொண்டான். கூடவே அலைவது, வண்டி ஓட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் கொழுந்தனான என் தலையில் விடிந்தது.

அறையின் மூலையில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, எங்கள் வழக்கின் நாயகி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. முப்பது வயது இருக்கும். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்தவள். இந்த அறக்கட்டளைக்கு நகரம் முழுக்கப் பன்னிரண்டு விடுதிகள். விடுதிகளின் முகவரி ஊருக்கே தெரியும். எந்தப் பெண் எந்த விடுதியில் என்பதுதான் ரகசியம். அவளை முதலில் ஒன்பதாம் விடுதியில் வைத்தார்கள். இரண்டே நாளில் கணவன் வாசலில் நின்றான். பின்வாசல் வழியாக இரண்டாம் விடுதிக்குக் கடத்தினார்கள். அங்கும் இரண்டே நாள். இப்போது இது ஐந்தாம் விடுதி.

நான் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் மர நிழலில் சாம்பல் நிறக் கார். காலையிலிருந்து அதே இடம்.

"நாலு மணிக்கு வேன் வரும். ஏழாம் விடுதிக்கு அனுப்பறோம்" என்றார் வார்டன்.

"நான் வேன்ல ஏறமாட்டேன்மா" என்றாள் அவள். சத்தமில்லாத குரல். "எங்க போனாலும் எனக்கு முன்னாடி அவர் நிப்பார். நாலு மணிவரைக்கும் பார்ப்பேன். யார் சொல்றாங்கன்னு தெரியலைன்னா நானே கேட்டைத் தாண்டி அவர் கார்ல போய் ஏறிக்கறேன். தேடிப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறதைவிட நானா போனா அடி கொஞ்சம் கம்மியா இருக்கும்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யார் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் வார்டன். "எந்தப் பெண் எந்த விடுதியிலன்னு எழுதியிருக்கற பதிவேட்டைப் பார்க்கறது மூணே பேர். நான், அப்புறம் இவங்க ரெண்டு பேர்."

இவங்க ரெண்டு பேர், சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். விடுதிகளின் இணையதளத்தை எழுதியவர்கள். ஆண் தாடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பெண்ணுக்கு இருபத்தெட்டு இருக்கும், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அண்ணி கூப்பிட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் பூட்டப்பட்டுவிட்டார்கள்.

"நாங்க ஏன்மா சொல்லப் போறோம்?" என்றாள் குட்டைமுடி.

"வெளிய நிக்கறவர் நீச்சல் பயிற்சியாளர். கம்ப்யூட்டர்ல அரிச்சுவடிகூடத் தெரியாது. அவருக்கு வேற யார் சொல்வா?"

"உண்மையா?" என்று அண்ணி மூலையைப் பார்த்துக் கேட்டார்.

"போன்ல படம் அனுப்பக்கூட நான்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்றாள் லென்ஸ் பெண்.

"போலீஸ் ஏன் சும்மா இருக்கு?"

"இன்ஸ்பெக்டர் அம்மா நல்லவங்கதான்" என்றார் வார்டன். "இவ இருக்கற இடத்தை அவர் தேடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவே இருக்கு. கேட்டா, தற்செயலா நின்னேன், கார் சூடாயிடுச்சுங்கறாராம். எப்படித் தெரிஞ்சுக்கிட்டார்னு காட்டுங்க, அடுத்த நிமிஷம் தூக்கறேன்னு சொல்றாங்க."

"மூணு விடுதி வாசல்லயும் தற்செயலா சூடாகற கார்" என்றேன். "அந்தக் கம்பெனிமேல கேஸ் போடலாம்."

அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"விடுதிப் பெண்கள் உள்ள நுழையற பக்கத்தைக் காட்டுங்க."

தாடிக்காரர் காட்டினார். மூன்று கட்டங்கள். விடுதி எண், அரசு கொடுத்த அடையாள எண், கடவுச்சொல். வெளியே போக அனுமதி, மருத்துவச் சீட்டு, கடிதம் எல்லாம் இதன் வழியாகத்தான்.

"அவர் மனைவியோட அடையாள எண் அவருக்குத் தெரியுமா?"

"தலைகீழா ஒப்பிப்பார்" என்றாள் மூலையிலிருந்தவள்.

"அந்த எண்ணைப் போட்டு யாராவது நுழையப் பார்த்திருக்காங்களா? பதிவு இருக்கும் இல்ல?"

"இருக்கு மேடம்" என்றாள் குட்டைமுடி. "நாங்களும் பார்த்தோம். பாஸ்வேர்டை ஊகிக்கப் பார்த்திருக்கார். ஒரு தடவைகூட உள்ள போகலை. எல்லாமே தோல்வி."

திரையில் பட்டியல் விரிந்தது. தேதி, நேரம், விடுதி எண், கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து.

"என்ன அடிச்சார்னு தெரியாதா?"

"கடவுச்சொல்லை நாங்க வச்சுக்கமாட்டோம். நீளம் மட்டும்தான் பதிவாகும்" என்றார் தாடிக்காரர்.

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் கண்ணாடி நெற்றிக்குப் போனால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

"இதுல எல்லாத்துலயும் ஒண்ணுன்னு இருக்கே?"

"ஆமா. ஒத்தை எழுத்து."

"கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாதுன்னு இந்தப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. உள்ள போகணும்னு நினைக்கறவர் தினமும் ஒத்தை எழுத்தையா அடிப்பார்?" அண்ணி திரும்பினார். "தம்பி, ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டறார். ஆனா கதவு திறக்கணும்னு ஆசையே இல்லை. ஏன் தட்டறார்?"

"கடன் கேட்க வந்து மனசு மாறியிருப்பார்."

"உள்ள ஆள் இருக்கான்னு பார்க்கத் தட்டறார்."

அண்ணி பட்டியலில் விரலை வைத்து இறக்கினார். முதல் வாரத்தில் ஒரு காலை. ஒன்றாம் விடுதி, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டியிருக்கிறார். ஒன்பதில் நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு அவள் இருந்தது ஒன்பதில். அடுத்த வாரம் ஒன்று, இரண்டு. நிறுத்தம். அவள் இருந்தது இரண்டில். முந்தாநாள் ஒன்று முதல் ஐந்து. நிறுத்தம். அதன்பிறகு ஐந்தை மட்டும் மறுபடி மறுபடி.

"பார்த்தீங்களா" என்று வார்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சரியான இடத்துல நிறுத்தறார். உள்ளிருந்து யாரோ சொல்லாம எப்படி முடியும்?"

"உள்ளிருந்து யாராவது சொல்லியிருந்தா ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டு ஏன் வரணும்?" என்றார் அண்ணி. "நேரா அஞ்சுக்கே வந்திருக்கலாமே. இந்த ரெண்டு பேர்மேலயும் இருக்கற சந்தேகத்தை எடுத்து அந்த டப்பாவுல போட்டு மூடுங்க. சொன்னது மனுஷங்க இல்லை. இந்தப் பக்கமே சொல்லியிருக்கு."

"அது முடியாது மேடம்" என்றாள் குட்டைமுடி. "அந்த எண் அந்த விடுதியில இல்லைன்னாலும், இருந்து கடவுச்சொல் தப்புன்னாலும் பதில் ஒண்ணுதான். விவரம் பொருந்தவில்லை. அவ்வளவுதான் வரும். ரகசியம் போகக்கூடாதுன்னே அப்படி வச்சிருக்கோம்."

"தம்பி, வா. கொஞ்ச நேரம் நீ கெட்ட புருஷனா இரு."

"அதுக்கு முதல்ல ஒரு கல்யாணம் செஞ்சு வைங்கன்னு நாலு வருஷமா வீட்டுல சொல்றேன்" என்றபடி உட்கார்ந்தேன். அடையாள எண்ணை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். விடுதி ஒன்று, கடவுச்சொல் ஒற்றை எழுத்து. விவரம் பொருந்தவில்லை. விடுதி இரண்டு. விவரம் பொருந்தவில்லை. மூன்று, நான்கு, அதே. ஐந்தைப் போட்டேன். அதே. எழுத்தின் நிறத்தைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை அண்ணி."

அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு போட்டதும் ஏன் கழுத்தைச் சொறிஞ்ச?"

"அரிச்சது."

"நாலுக்கு அரிக்கலையா?"

"நாலுக்கு எங்க நேரம் இருந்தது, அழுத்தினதும் பதில் வந்து..."

வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மறுபடி நான்கைப் போட்டேன். விரலை எடுப்பதற்குள் பதில். ஐந்தைப் போட்டேன். திரை யோசித்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிய பிறகுதான் வந்தது, அதே பதில்.

தாடிக்காரரும் குட்டைமுடியும் வந்ததிலிருந்து முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க" என்றார் அண்ணி. "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

இருவரும் சேர்ந்து பேசினார்கள். எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான்.

புரோகிராம் ஓடும்போது ஏதாவது தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றனவாம். தாடிக்காரர் எறிகிற கட்சி. தப்பு நடந்ததா, அதைத் தூக்கி மேலே எறி, மேலே இருப்பவர் பிடித்துக்கொள்வார். குட்டைமுடி திருப்பிக் கொடுக்கிற கட்சி. ஒவ்வொரு அடியிலும் சரியா என்று பார், தப்பென்றால் நடந்த இடத்திலேயே கையோடு பதிலைக் கொடுத்து அனுப்பிவிடு.

"அலுவலகத்துல மனு கொடுக்கற மாதிரி" என்றேன். "இவங்க மனுவுல தப்பு இருந்தா கவுன்டர்லயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. சார் அதை ஏழு மாடி ஏத்தி, மாடிக்கு மாடி கையெழுத்து வாங்கி, அப்புறம் தப்புன்னு சொல்வார்."

"ஏழேதான்" என்றாள் குட்டைமுடி. "அடுக்குக்கு அடுக்கு பிடிச்சு, எங்கிருந்து வந்ததுன்னு முழுக் கதையையும் எழுதிட்டு, மறுபடி மேல எறிவார்."

"எழுதாம விட்டா நாளைக்கு எங்க தப்புன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றார் தாடிக்காரர். "அதோட தப்பு எப்பவாவதுதான் வரும். தப்பே வராத நேரத்துல என் முறைதான் வேகம். அளந்து காட்டினேனா இல்லையா?"

"அளந்தீங்களா?" அண்ணியின் குரல் கூர்மையானது. "எங்க அந்தக் கணக்கு?"

குட்டைமுடி தன் பையிலிருந்து நான்காக மடித்த, ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட ஒரு தாளை எடுத்தாள். ஆறு மாதமாக அதைப் பையிலேயே வைத்திருக்கிறாள் என்றால் சண்டை எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டே வரி. தப்பில்லாமல் பத்து லட்சம் முறை ஓட்டினால், எறிகிற முறை ஒன்றே முக்கால் விநாடி, திருப்பிக் கொடுக்கிற முறை இரண்டு விநாடி. எல்லாமே தப்பாகப் பத்து லட்சம் முறை ஓட்டினால், திருப்பிக் கொடுக்கிற முறை அதே இரண்டு விநாடி. எறிகிற முறை நாற்பத்தொன்று.

"மேல் வரியை இவர் படிப்பார், கீழ் வரியை நான் படிப்பேன்" என்றாள். "ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. எங்க தலைவர் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பாதி இவர் முறை, பாதி என் முறைன்னு பிரிச்சுட்டார்."

"இந்த நுழைவுப் பக்கத்துல?"

"எண் அந்த விடுதியில இருக்கான்னு பார்க்கற பாதி என்னோடது."

"கடவுச்சொல் சரியான்னு பார்க்கற பாதி என்னோடது" என்றார் தாடிக்காரர். குரல் இறங்கியிருந்தது. "நாங்க அளந்தப்ப, தப்பை எழுதி வைக்கற மெஷின் எங்க ஆபீஸ்ல பக்கத்து அறையில இருந்தது. அப்ப இவ்வளவு நேரம் ஆகலை. இப்ப அது எங்கயோ தூரத்துல இருக்கு. ஏழு தடவை அங்க போய் எழுதிட்டு வரணும். ரெண்டு விநாடி ஆகும்."

அவ்வளவுதான் விஷயம். எண் அந்த விடுதியில் இல்லையென்றால் இவளுடைய பாதி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எண் இருந்தால்தான் அவருடைய பாதிக்கே வேலை வரும். வார்த்தை ஒன்று, வேகம் இரண்டு. ஆபீசில் சண்டை தீர ஒரு பக்கத்தை இரண்டாகப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்குக் கோடு வழியாக ஒரு பெண்ணின் இருப்பிடம் மூன்று முறை வெளியே போயிருக்கிறது.

"இருந்தாலும்" என்றார் வார்டன், "ரெண்டு விநாடி தாமதம்னா நெட் மெதுவா இருக்குன்னுதான் நாம நினைப்போம். அவருக்கு எப்படி அதுல அர்த்தம் தெரிஞ்சது?"

பதில் மூலையிலிருந்து வந்தது.

"அவர் என்னையும் அப்படித்தான் அளப்பார்."

லென்ஸ் பெண் துணிப்பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தன்னு கேட்பார். கழுத்துல ஸ்டாப்வாட்ச் தொங்கும். உடனே சொன்னா நிஜம். ஒரு விநாடிக்கு மேல ஆச்சுன்னா பொய்ம்பார். நான் நிஜத்தைத்தான் சொல்வேன், ஆனா பயத்துல நாக்கு எழும்பாது. அதுக்கு அடி. உண்மை யோசிக்காது, பொய்தான் யோசிக்கும்னு சொல்லிக்கிட்டே அடிப்பார். ஆறு வருஷம்." கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அந்தப் பக்கம் அஞ்சுக்கு மட்டும் யோசிச்சிருக்கு. அவர் விடுவாரா?"

பட்டியல் இருந்த திரையில் திடீரென்று ஒரு புதிய வரி முளைத்தது. விடுதி ஐந்து. எழுத்து ஒன்று. நேரம் மூன்று முப்பது.

"இப்பவா?" என்றேன். "காருக்குள்ளிருந்தா?"

"அரைமணிக்கு ஒரு தடவை பார்ப்பார்" என்றாள் அவள். "நான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்த நாள்ல கடைக்கும் அரைமணிக்கு ஒரு தடவை போன் வரும்."

தாடிக்காரர் கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தார். "பத்து நிமிஷம் கொடுங்க மேடம். எல்லாப் பதிலும் ரெண்டு விநாடி கழிச்சே வர்ற மாதிரி மாத்திடறேன்."

"எதுக்கு ரெண்டு விநாடி? எல்லாத்தையும் என் முறைக்கு மாத்தினா உடனே வரும்" என்றாள் குட்டைமுடி.

"இப்பவும் உன் முறையா?"

"ரெண்டு பேரும் அந்த மவுஸ்லேர்ந்து கையை எடுங்க" என்றார் அண்ணி. "யாரும் எதையும் சரி பண்ணக்கூடாது."

"மேடம், இதாலதான் இவங்க..."

"இப்ப சரி பண்ணினா என்ன ஆகும்? ஓட்டை அடைஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அவர் இதே மரத்தடியில உட்கார்ந்திருப்பார். கார் சூடாயிடுச்சும்பார். இந்தத் தப்பு மூணு தடவை அவருக்கு வேலை செஞ்சுது. ஒரு தடவை நமக்குச் செய்யட்டும்." வார்டன் பக்கம் திரும்பினார். "ஆள் இல்லாத விடுதி ஏதாவது இருக்கா?"

"பதினொண்ணு. மராமத்துக்காகப் போன மாசமே காலி பண்ணிட்டோம். கார்ல போனா இருபது நிமிஷம்."

"பதிவேட்டுல இவங்க பேரை அஞ்சுலேர்ந்து எடுத்துப் பதினொண்ணுல போடுங்க. அவ்வளவுதான்."

இரண்டு நிபுணர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டியதில்லை. பேர் பதினொன்றுக்குப் போனால், ஐந்து உடனே பதில் சொல்லும், பதினொன்று யோசிக்கும். வார்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி மாற்றினார். அண்ணி டப்பாவைத் திறந்து போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் பேசினார். பிறகு வேன் டிரைவரை அழைத்து, வர வேண்டாமென்று சொன்னார்.

"அவர் நம்புவாரா?" என்றேன். "இங்கிருந்து யாரும் வெளிய போகலைன்னு கண்ணாலயே பார்த்துக்கிட்டிருக்காரே."

"பின்வாசல் வழியா ஏற்கனவே ரெண்டு தடவை போயிருக்கேன்" என்றாள் அவள். "அதோட அவர் கண்ணை நம்பமாட்டார். கடிகாரத்தைத்தான் நம்புவார்."

மணி மூன்று ஐம்பது. இனிச் செய்ய ஒன்றுமில்லை. பூட்டிய அறையில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல் ஒரு கொடுமை கிடையாது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று ஐம்பத்தெட்டு. காரின் கதவு திறந்தது. வெளியே வந்தார். அகன்ற தோள், துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. வழி தெரியாமல் நின்ற ஒரு முதியவருக்குக் கையை நீட்டிப் பொறுமையாக வழி சொன்னார். பார்க்கிறவர்கள் தங்கமான மனிதர் என்பார்கள்.

நான்கு மணி. பட்டியலில் புதிய வரி இல்லை.

நான்கு ஒன்று. இல்லை.

நான்கு இரண்டு. லென்ஸ் பெண் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொன்ன நேரம் ஆயிடுச்சு. கதவைத் திறங்கம்மா."

"பைத்தியமா உனக்கு?" வார்டன் இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சுடுச்சே. இன்னும் கொஞ்சம்..."

"அவர் பார்க்கலை. இன்னிக்குன்னு பார்க்கலை. கண்டுபிடிச்சுட்டார். எனக்குத் தெரியும், அவர் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவார். லேட்டாப் போனா இன்னும் மோசமா இருக்கும். திறங்க."

"திறக்கமாட்டேன்."

"திறந்து விடுங்க" என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி..."

"அவங்க கேட்டாங்க. நாமளும் பூட்டி வச்சா வெளிய நிக்கறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" அண்ணி சொன்னது அமைதியாகத்தான். ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். "போகாதீங்கன்னு கேட்டுக்கறேன்மா. தடுக்கமாட்டேன்."

வார்டன் கண்ணில் நீரோடு சாவியை எடுத்தார். பூட்டு கிளிக்கென்றது. இந்த ஒரு மணி நேரமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த சத்தம் அது. இப்போது கேட்டபோது கதவு மூடியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

"வந்துடுச்சு" என்றாள் குட்டைமுடி.

விடுதி ஐந்து. எழுத்து ஒன்று. நேரம் நான்கு நான்கு.

நான் ஜன்னலுக்குத் தாவினேன். முதியவர் போய்விட்டிருந்தார். இவர் காரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு வரி. ஐந்து. மறுபடி ஐந்து. மூன்று முறையும் பதில் உடனே போயிருக்கும். அவர் தலையை நிமிர்த்தி விடுதியைப் பார்த்தார். நேராக என் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு" என்று படித்தார் தாடிக்காரர். "ரெண்டு. மூணு. நாலு. ஆறு. ஏழு." குட்டைமுடி அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எட்டு. ஒன்பது. பத்து." கொஞ்சம் இடைவெளி. "பதினொண்ணு."

வெளியே அந்த மனிதர் அசையாமல் நின்றார்.

"பதினொண்ணு, மறுபடி. பதினொண்ணு, மூணாவது தடவை."

காரின் கதவு சாத்துகிற சத்தம் இங்கே வரை கேட்டது. சாம்பல் நிறக் கார் ஒரே திருப்பில் திரும்பிச் சாலை முனையில் மறைந்தது. சூடான கார் இவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் திறந்த கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. வார்டன் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

நான்கு முப்பத்தைந்துக்கு அண்ணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். இன்ஸ்பெக்டரின் குரல்.

"வந்தார். வாசல் மணியை அடிச்சு, என் பெண்டாட்டி இங்கதான் இருக்கா, கூப்பிடுங்கன்னார். நான்தான் கதவைத் திறந்தேன். இது ஒரு மாசமா பூட்டிக் கிடக்கற கட்டடம், அவங்க இங்க இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் சொல்லலை. என்னையும் கட்டடத்தையும் பார்த்துக்கிட்டே நிக்கறார். மூணு தடவை கேட்டுட்டேன். சொன்னாலும் மாட்டிக்கிட்டார், சொல்லாட்டியும் மாட்டிக்கிட்டார். வண்டியில ஏத்தப் போறேன்."

கதவருகிலிருந்து அவள் எழுந்து வந்தாள். அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மேடம், நான்தான். நீங்க கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நாலு நிமிஷம் இருக்கும்மா. ஏன்?"

அவள் போனை மேசையில் வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு அழுதாள்.

"நாலு நிமிஷம்" என்றாள். "எனக்கு அவர் ஒரு விநாடிதான்க்கா கொடுத்தார்."